படுக்கை இல்லை என்று சொன்னால்...

அவசரம் சொல்லிவிட்டு வருவதில்லை. வயலில் பாம்பு கடிக்கலாம். சாலையில் வண்டி மோதலாம். நள்ளிரவில் நெஞ்சு வலிக்கலாம். அப்போது நாம் ஓடுவது மருத்துவமனைக்குத்தான்.

அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே கூட்டம். "அப்படி உட்காருங்கள்" என்கிறார்கள். மணிக்கணக்கில் உட்காருகிறோம். "படுக்கை இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்கிறார்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடுகிறோம்.

இப்படி ஓடிய ஒரு விவசாயத் தொழிலாளியின் கதையை இந்தப் பாடத்தில் படிப்போம். இது கற்பனை அல்ல. நம் நாட்டில் நடந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எழுதப்பட்டிருப்பது.

ஏழு வாசல்கள்

மேற்கு வங்க மாநிலத்தில் மதுராப்பூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு ரயில் நிலையம். 1992-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி. இரவு மணி 7.45. ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலில் இருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி.

முதலில் அவரை மதுராப்பூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே தலைக்காயத்துக்கு வைத்தியம் செய்ய வசதி இல்லை. "டயமண்ட் ஹார்பர் மருத்துவமனைக்கோ, வேறு அரசு மருத்துவமனைக்கோ போங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவரை நகரத்துக்குக் கொண்டு போனார்கள். நகரம் என்றால் கொல்கத்தா. அன்று அதன் பெயர் கல்கத்தா.

இரவு 11.45 மணி. நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்று. மருத்துவர் பார்த்தார். இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். "உடனே சேர்க்க வேண்டும்" என்று மருத்துவரே எழுதினார். ஆனால் படுக்கை காலி இல்லை. சேர்க்கவில்லை.

அடுத்த மருத்துவமனை. அங்கேயும் படுக்கை இல்லை.

இரவு 1 மணி. இன்னொரு மருத்துவமனை. அங்கே தலைக்காயத்துக்கான பிரிவு இல்லை.

இரவு 2 மணி. இன்னொரு மருத்துவமனை. படுக்கை இல்லை.

பொழுது விடிந்தது. ஜூலை 9, காலை 8 மணி. நரம்பு நோய்களுக்கான மருத்துவமனை. அதற்குள் வெளியே 1,310 ரூபாய் கட்டி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருப்பது அதில் தெரிந்தது. "இது அவசர நோயாளி. இங்கே பார்க்க முடியாது" என்றார்கள்.

காலை 10 மணி. இன்னொரு பெரிய மருத்துவமனை. அங்கேயும் தலை அறுவைச் சிகிச்சைக்கு வசதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சுகாதார நிலையத்தையும் சேர்த்து ஏழு அரசு வாசல்கள். ஏழிலும் இடம் இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஜூலை 22 வரை அங்கே இருந்தார். உயிர் பிழைத்தார். செலவு ஏறக்குறைய 17,000 ரூபாய். 1992-இல் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

திண்ணையில் ஒரு பேச்சு

ஒரு மருமகள் இந்தக் கதையைத் தன் மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை கேட்பதில் ஆர்வம் அதிகம். இந்தக் கதையைக் கேட்டதும் அவர் வெகு நேரம் பேசவில்லை.

"என்ன அத்தை, பேசாமல் இருக்கிறீங்க?"

"உன் மாமனாரை நினைச்சேன் அம்மா. அவருக்கும் ராத்திரியில்தான் வந்தது. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கூட்டம். சீட்டு வாங்கினோம். பெஞ்சில் உட்கார வெச்சோம்."

"நெஞ்சு வலின்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா அத்தை?"

"யார்கிட்ட சொல்ல? நம்ம முறை வந்தால் டாக்டரிடம் சொல்லலாம்னு இருந்தோம். முன்னால் இருபது பேர். நாம் இடையில் புகுந்தால் சண்டைக்கு வருவாங்க. முறை வருவதற்குள் அவர் சாய்ந்துட்டார்."

மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உங்க தப்பு இல்லை அத்தை. வந்தவருக்கு என்ன செய்கிறது என்று கேட்பது அங்கே இருக்கிறவங்க வேலை. கேட்கலைன்னா நாமே சொல்லணும். அது நமக்குத் தெரியலை. யாரும் நமக்குச் சொல்லலை."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, அந்தத் தொழிலாளி என்ன செய்தார்? அதைப் படி" என்றார்.

தொழிலாளி கேட்ட நியாயம்

அந்தத் தொழிலாளி தனி ஆள் இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினர். சங்கத்தின் பெயர் பச்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி. அவரும் சங்கமும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

மாநில அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் அதன் தலைவர். எங்கெங்கே தவறு நடந்தது என்று குழு ஆராய்ந்தது. எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சுகாதார நிலையம் குறிப்பாக எழுதவில்லை. இது ஒரு தவறு. நகரத்தின் முதல் மருத்துவமனை எப்படியாவது அவரைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதது இன்னொரு தவறு.

1996 மே 6-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சொன்னது இதுதான்:

அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. அவசர நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராமல் அனுப்பினால் அந்த உரிமை பறிபோகிறது. பணம் இல்லை என்று அரசு இந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது.

அந்தத் தொழிலாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவு ஆனது. இன்னும் சில வழிகளையும் நீதிமன்றம் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் சிகிச்சைக்கு வசதி வேண்டும். எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளத் தகவல் தொடர்பு வேண்டும். போதிய ஆம்புலன்ஸ் வேண்டும். மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

ஒருவர் பட்ட துன்பம் ஊருக்கெல்லாம் உதவும் தீர்ப்பாக மாறியது.

எழுதி வைக்கச் சொன்ன உத்தரவு

விசாரணைக்குப் பிறகு, 1995 ஆகஸ்ட் 22-ஆம் தேதி மேற்கு வங்க அரசு ஓர் உத்தரவு போட்டது. அதில் பாதி எழுத்தைப் பற்றியது.

• நோயாளியின் பெயர், வயது, முகவரி, நோய் ஆகியவற்றைப் பதிவேட்டில் தெளிவாக எழுத வேண்டும்.
• வந்த தேதி, நேரம் எழுத வேண்டும்.
• சேர்த்தார்களா, வேறு இடத்துக்கு அனுப்பினார்களா என்று எழுத வேண்டும்.
• பார்த்த மருத்துவர் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
• நோயாளிக்குக் கொடுத்த சீட்டின் நகலையோ விவரத்தையோ மருத்துவமனை வைத்திருக்க வேண்டும்.

படுக்கை பற்றியும் அந்த உத்தரவு சொன்னது. அவசரப் பிரிவில் படுக்கை இல்லை என்றால் மற்ற வார்டுகளில் இருந்து படுக்கையைக் கடன் வாங்க வேண்டும். படுக்கை இல்லை என்ற காரணத்துக்காக எந்த நோயாளியையும் கவனிக்காமல் விடக் கூடாது.

"கட்டில் இல்லை" என்பது ஒரு பேச்சு. "வைத்தியம் இல்லை" என்பது வேறு பேச்சு. கட்டில் இல்லாவிட்டாலும் ரத்தத்தை நிறுத்தலாம். மூச்சுக்கு வழி செய்யலாம். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றலாம். முதல் சிகிச்சைக்குக் கட்டில் வேண்டியதில்லை.

ஏன் காத்திருக்க வைக்கிறார்கள்?

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும். அவசரப் பிரிவில் அந்த முறை சரிவராது. அங்கே உயிருக்கு ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் முதல் இடம். இதை டிரையேஜ் என்கிறார்கள். ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிப்பது என்று பொருள். பல மருத்துவமனைகளில் இதற்கு நிறங்கள் உண்டு.

சிவப்பு: உயிருக்கு உடனே ஆபத்து. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.
மஞ்சள்: ஆபத்து வரலாம். சீக்கிரம் பார்க்க வேண்டும்.
பச்சை: காத்திருக்கலாம்.

ஆகவே, நமக்குப் பின்னால் வந்தவரை முன்னால் உள்ளே கொண்டு போனால் கோபப்பட வேண்டாம். அவர் சிவப்பாக இருக்கலாம். நம் வீட்டு நோயாளி சிவப்பாக இருந்தால் நாமும் வரிசையில் நிற்க வேண்டாம்.

காத்திருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. நோயாளிகள் அதிகம், மருத்துவர்களும் செவிலியர்களும் குறைவு. இரவில் ஊர்ப்பக்கம் வைத்தியம் கிடைப்பதில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரிய மருத்துவமனைக்கே வருகிறார்கள். வார்டில் கட்டில் காலி ஆகாததால் அவசரப் பிரிவில் ஆட்கள் தேங்குகிறார்கள். இவற்றைச் சரிசெய்வது அரசின் கடமை. அங்கே நிற்கும் ஒரு செவிலியரைத் திட்டுவதால் இவை தீராது. அடிதடியில் இறங்கினால் இன்னொரு நோயாளியின் சிகிச்சை நின்றுபோகும்.

உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே செவிலியரிடமோ மருத்துவரிடமோ போய்ச் சொல்லுங்கள்.

• நெஞ்சு வலி, நெஞ்சை அழுத்துவது போன்ற உணர்வு
• மூச்சுத் திணறல்
• மயக்கம், வலிப்பு
• நிற்காத ரத்தப்போக்கு
• வாய் கோணுதல், ஒரு கை கால் விழுதல், பேச்சுக் குழறல்
• தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தல்
• பாம்புக் கடி, விஷம் குடித்தல்
• கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு அல்லது வலிப்பு

"நெஞ்சு வலி. அரை மணி நேரமாக இருக்கிறது. வேர்க்கிறது." இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். "என்னமோ பண்ணுது" என்று சொன்னால் புரியாது.

நேரத்தையும் சொல்ல வேண்டும். ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் அந்த ஊசியைப் போடத் தயங்குவார்கள். பாம்பு கடித்த நேரமும் முக்கியம். கடித்த இடத்தைக் கீறக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

காத்திருக்கும்போது நோயாளியின் நிலை மோசமானால் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள். முன்பே சொன்னோமே என்று இருந்துவிட வேண்டாம்.

வேறு இடத்துக்கு அனுப்பினால்

சில நேரம் அனுப்புவது நியாயமாக இருக்கும். தலைக்குள் அறுவைச் சிகிச்சை எல்லா இடத்திலும் செய்ய முடியாது. ஆனால் அனுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. புறப்படும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. இங்கே செய்ய வேண்டிய முதல் சிகிச்சை முடிந்ததா?
2. எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும்?
3. அங்கே படுக்கை இருக்கிறதா என்று போனில் கேட்டீர்களா?
4. ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்வீர்களா?
5. என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதி இருக்கிறதா?

மதுராப்பூரில் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்திருந்தால், அந்தத் தொழிலாளி இரவெல்லாம் அலைந்திருக்க வேண்டாம்.

சட்டம் நம் பக்கம்

1989: அடிபட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவரை ஒரு மருத்துவமனை ஏற்கவில்லை. போலீஸ் வழக்கு என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்பியது. வழியில் அவர் இறந்தார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் வழக்குப் போட்டார். அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை, போலீஸ் விசாரணை பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019: விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுகிறவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் புதிய பிரிவு சேர்ந்தது. உதவியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

2025: சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. குறிப்பிட்ட மருத்துவமனைகளில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள். இந்தச் சேவை 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கியது. பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. இதற்குக் கட்டணம் இல்லை.

குறை இருந்தால் முதலில் பணியில் உள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மனுவில் தேதி, நேரம், நடந்தது ஆகிய மூன்றும் இருந்தால் அதற்குப் பலம் அதிகம்.

மறுநாள் காலை

மறுநாள் மருமகள் ஒரு பழைய நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் 108 என்று பெரிதாக எழுதினாள். அடுத்த பக்கத்தில் வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, சாப்பிடும் மாத்திரை எல்லாம் எழுதினாள். நோட்டை ஒரு கயிற்றில் கட்டிக் கதவருகே மாட்டினாள்.

மாமியார் அதைத் தடவிப் பார்த்தார்.

"என் பெயர் எங்கே இருக்கு?"

மருமகள் காட்டினாள்.

"பக்கத்தில் என்ன எழுதி இருக்கு?"

"ரத்தக் கொதிப்பு மாத்திரை, காலையில் ஒன்று."

"சரி. இந்த 108-ஐ எனக்குக் கற்றுக்கொடு. நீ இல்லாத நேரத்தில் நான் எண்ணைப் பார்த்து அழுத்தணும் இல்லையா?"

அன்று மாலை திண்ணையில் அத்தையின் பாடம் தொடங்கியது. முதலில் 1. பிறகு 0. பிறகு 8.

பயிற்சி

அ. சொற்களை அறிவோம்
தீர்ப்பு – வழக்கில் நீதிபதி சொல்லும் முடிவு
இழப்பீடு – இழப்புக்கு ஈடாகத் தரும் பணம்
பதிவேடு – விவரங்களை எழுதி வைக்கும் நோட்டு
கண்காணிப்பாளர் – மருத்துவமனையை மேற்பார்வை செய்யும் அதிகாரி

ஆ. கணக்குப் போடுவோம்
1. தொழிலாளி விழுந்தது இரவு 7.45 மணிக்கு. நகரத்து மருத்துவமனையை அடைந்தது இரவு 11.45 மணிக்கு. இடையில் எத்தனை மணி நேரம்?
2. கடைசி அரசு மருத்துவமனைக்குப் போனது மறுநாள் காலை 10 மணிக்கு. விழுந்ததில் இருந்து மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது?

இ. பேசிப் பார்ப்போம்
1. ஏழு வாசல்களில் எந்த வாசலில் இந்த அலைச்சலை நிறுத்தியிருக்கலாம்? எப்படி?
2. உங்கள் ஊரில் இரவு நேரத்தில் அவசரம் என்றால் எங்கே போகிறீர்கள்? அங்கே என்ன வசதி இருக்கிறது? என்ன வசதி வேண்டும்?

ஈ. எழுதிப் பார்ப்போம்
உங்கள் வீட்டு நோட்டில் இப்படி ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்.

நோயாளி பெயர்: .................... வயது: ..........
என்ன செய்கிறது: ....................
தொடங்கிய நேரம்: ..........
மருத்துவமனைக்கு வந்த நேரம்: ..........
மருத்துவர் பார்த்த நேரம்: ..........
மருத்துவர் பெயர்: ....................
கொடுத்த மருந்து: ....................
அனுப்பிய இடம், காரணம்: ....................